பள்ளி மேம்பாட்டுத் திட்டம்: கையெழுத்துப் போடும் முன் பெற்றோர் அறிய வேண்டியவை

நம் பிள்ளைகள் படிக்கும் அரசுப் பள்ளிக்கு அடுத்த ஆண்டு என்ன தேவை என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருக்கும் அதிகாரிகள்தான் என்று நம்மில் பலர் எண்ணிக்கொண்டிருக்கிறோம். சட்டம் வேறு விதமாகச் சொல்கிறது. அந்தப் பட்டியலை முதலில் எழுத வேண்டியவர்கள் பெற்றோர்களே. அந்தப் பட்டியலுக்குப் பெயர் பள்ளி மேம்பாட்டுத் திட்டம்.

பல ஊர்களில் இது எப்படி நடக்கிறது என்பதும் நமக்குத் தெரியாததல்ல. ஒரு நாள் மாலையில் ஓர் ஆசிரியர் சென்ற ஆண்டுத் தாளைப் பார்த்து எழுதி முடிக்கிறார். குழுத் தலைவியாக இருக்கும் தாய், "இங்கே ஒரு கையெழுத்து" என்று காட்டிய இடத்தில் போட்டுவிட்டு வீடு திரும்புகிறார். பிறகு ஆண்டு முழுவதும், "பெண் பிள்ளைகளுக்குக் கழிப்பறை சரியில்லை, குடிநீர்த் தொட்டி ஒழுகுகிறது, கணக்குக்கு ஆசிரியர் இல்லை" என்று வாசலில் நின்று பேசிக்கொள்கிறோம். பேசியது எதுவும் தாளில் ஏறியிருக்காது. தாளில் இல்லாத தேவை மாவட்டக் கணக்கில் எண்ணப்படாது. ஆகவே இந்தத் திட்டம் என்ன, எப்படி எழுதுவது, எழுதிய பின் எங்கே போகிறது என்பதை நம்மூர்ப் பெற்றோர்களுக்காக இங்கே விளக்குகிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது

குழந்தைகளுக்கான இலவச, கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் 2009-ல் இயற்றப்பட்டு, 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 21-வது பிரிவு, அரசு உதவி பெறாத தனியார் பள்ளிகளைத் தவிர மற்ற ஒவ்வொரு பள்ளியிலும் பள்ளி மேலாண்மைக் குழு அமைக்கச் சொல்கிறது. குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவோ பாதுகாவலராகவோ இருக்க வேண்டும். மொத்த உறுப்பினர்களில் பாதிப்பேர் பெண்கள். நலிந்த பிரிவினர், பின்தங்கிய பிரிவினர் வீட்டுப் பிள்ளைகளின் பெற்றோருக்கு அவர்களது எண்ணிக்கைக்கு ஏற்ற இடம் தர வேண்டும்.

குழுவின் வேலைகளையும் அதே பிரிவு சொல்கிறது. பள்ளி நடப்பதைக் கண்காணிப்பது, மேம்பாட்டுத் திட்டத்தைத் தயாரித்துப் பரிந்துரைப்பது, வரும் மானியம் சரியாகச் செலவாகிறதா என்று பார்ப்பது ஆகியவை முதன்மையானவை. 22-வது பிரிவு இன்னும் முக்கியமானது. அரசோ உள்ளாட்சியோ அந்தப் பள்ளிக்காகப் போடும் திட்டத்துக்கும் தரும் மானியத்துக்கும் இந்த மேம்பாட்டுத் திட்டமே அடிப்படை என்று அது கூறுகிறது. நாம் கையெழுத்திடும் தாளின் கனம் இவ்வளவு.

சிறுபான்மையினர் நடத்தும் பள்ளிகளுக்கும் அரசு உதவி பெறும் தனியார் பள்ளிகளுக்கும் திட்டம் எழுதும் இந்தக் கடமை இல்லை. எனவே இங்கே சொல்வதெல்லாம் அரசுப் பள்ளிகளையும் ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளையும் பற்றியே.

தமிழ்நாட்டில் 37,000-க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளில் இக்குழுக்கள் 2022-ல் புதிதாக மாற்றியமைக்கப்பட்டன. அப்போது ஒரு குழுவில் 20 பேர். 2024-ல் மீண்டும் மாற்றியமைத்தபோது எண்ணிக்கை 24 ஆனது. முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கிடைத்தது. குழுவின் காலம் 2 ஆண்டு. தலைவரும் துணைத் தலைவரும் பெற்றோரிலிருந்தே வருவார்கள். கூட்டத்தைக் கூட்டி, நடவடிக்கைகளை எழுதிவைப்பது தலைமை ஆசிரியரின் பொறுப்பு. கூட்டத் தீர்மானங்களைப் பள்ளிக் கல்வித் துறையின் பெற்றோர் செயலியில் பதிவு செய்யும் ஏற்பாடும் உண்டு.

நமக்குப் புதிதல்ல

ஊரார் கூடிப் பள்ளியின் தேவையைப் பட்டியலிடுவது 2009-ல் வந்த புதுப்பழக்கம் என்று நினைக்க வேண்டாம். காமராசர் முதலமைச்சராகவும் நெ.து. சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராகவும் இருந்த 1950-களின் இறுதியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று முதலில் கணக்கெடுத்தார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், சுற்றுச்சுவர், கூடுதல் அறை என்று பட்டியல் போட்டு ஊரார் முன் வைத்தார்கள். ஊரார் ஆளுக்கொன்றாக ஏற்றுக்கொண்டார்கள். மதிய உணவுத் திட்டத்தைக் காமராசர் 1956-ல் தொடங்கிவைத்த எட்டயபுரமும் இன்றைய நம் தூத்துக்குடி மாவட்டத்தில்தான் இருக்கிறது.

அன்றைக்கு அந்தப் பட்டியல் ஊராரின் நல்லெண்ணத்தை நம்பி இருந்தது. இன்றைக்கு அதற்குச் சட்டத்தின் பலம் இருக்கிறது. இந்தப் பலத்தைப் பயன்படுத்துகிறோமா என்பதே கேள்வி.

எழுதிய தாள் எங்கே போகிறது

பள்ளிகளின் தேவைகள் முதலில் வட்டார அளவில் சேர்கின்றன. நம் பகுதிக்கு உடன்குடி வட்டாரம். வட்டாரக் கல்வி அலுவலரும் வட்டார வள மையமும் இந்தக் கட்டத்தில் வருகிறார்கள். அங்கிருந்து முதன்மைக் கல்வி அலுவலரின் கீழ் மாவட்டத் திட்டம் உருவாகிறது. மாவட்டத் திட்டங்கள் சேர்ந்து மாநிலத்தின் ஆண்டுப் பணித்திட்டமும் வரவு செலவுத் திட்டமும் ஆகின்றன. ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்தின் கீழ் வரும் செலவுகளுக்கு ஒன்றியக் கல்வி அமைச்சகத்தின் திட்ட ஒப்புதல் வாரியம் அனுமதி தருகிறது. அந்தச் செலவில் ஒன்றிய அரசின் பங்கு 60 விழுக்காடு, மாநிலத்தின் பங்கு 40 விழுக்காடு.

இத்தனை படிகள் ஏறும்போது எந்தப் படியிலும் புதிதாக ஒரு தேவை சேர்வது அரிது. மேலே போகப் போக வெட்டுவார்கள், குறைப்பார்கள், அடுத்த ஆண்டுக்குத் தள்ளுவார்கள். கீழே எழுதாத ஒன்றை மேலே இருப்பவர் நினைவு வைத்துச் சேர்க்க வழியில்லை. மாவட்டத்தில் நம் பள்ளி எப்படி இருக்கிறது என்பதை அவர்கள் எண்களில்தான் பார்க்கிறார்கள்.

திட்டத்தில் என்ன இருக்க வேண்டும்

சட்டத்தை ஒட்டி ஒன்றிய அரசு 2010-ல் வெளியிட்ட மாதிரி விதிகள் இதைத் தெளிவாகச் சொல்கின்றன. திட்டம் 3 ஆண்டுக்கானது. அதற்குள் ஆண்டுக்கு ஒன்றாக 3 துணைத் திட்டங்கள். அவற்றில் நான்கு விஷயங்கள் இடம்பெற வேண்டும்.

முதலாவது, ஒவ்வொரு வகுப்பிலும் ஒவ்வோர் ஆண்டும் எத்தனை பிள்ளைகள் இருப்பார்கள் என்ற மதிப்பீடு. இரண்டாவது, அந்த எண்ணிக்கைக்கு இன்னும் எத்தனை ஆசிரியர்கள் வேண்டும். மூன்றாவது, கட்டடம், கழிப்பறை, குடிநீர், தளவாடம் ஆகியவற்றில் என்ன கூடுதலாக வேண்டும். நான்காவது, இவற்றுக்கெல்லாம் எவ்வளவு பணம்.

முதல் விஷயத்தைத்தான் பலர் அலட்சியமாக விட்டுவிடுகிறார்கள். அது எவ்வளவு பெரிய வேறுபாட்டை உண்டாக்கும் என்பதற்கு ஒரு கணக்குப் பார்ப்போம்.

ஒரு தொடக்கப் பள்ளியில் 84 பிள்ளைகள் படிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணைப்படி 60 பிள்ளைகள் வரை 2 ஆசிரியர்கள், 61 முதல் 90 வரை 3 ஆசிரியர்கள், 91 முதல் 120 வரை 4 ஆசிரியர்கள். ஆக இந்தப் பள்ளிக்கு 3 பேர். அடுத்த ஆண்டு முதல் வகுப்பில் கூடுதலாக 7 பிள்ளைகள் சேர்ந்தால் எண்ணிக்கை 91. அப்போது நான்காவது ஆசிரியருக்கு இடம் உண்டு. தமிழ்நாட்டில் ஆகஸ்ட் 1-ம் தேதி நிலவரத்தை வைத்தே ஆசிரியர் பணியிடங்களைக் கணக்கிடுகிறார்கள். எனவே அங்கன்வாடியில் 5 வயதை எட்டும் பிள்ளைகள் எத்தனை பேர், அவர்களில் யார் நம் பள்ளிக்கு வருவார்கள், யார் வேனில் ஏறி வெளியூர்ப் பள்ளிக்குப் போகப்போகிறார்கள் என்று ஜூன் மாதத்திலேயே வீடு வீடாகக் கேட்டு எழுதும் வேலை ஓர் ஆசிரியருக்குச் சமம்.

நம்மூருக்கு இந்த மதிப்பீடு இன்னும் அவசியம். குலசேகரன்பட்டினத்தில் இந்திய விண்வெளி ஆராய்ச்சி நிறுவனத்தின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரி 28-ல் அடிக்கல் நாட்டப்பட்டது. அதற்காக எடுக்கப்படும் நிலம் 2,000 ஏக்கருக்கும் மேல். பக்கத்தில் உடன்குடி அனல் மின் நிலையப் பணிகள். இத்தகைய வேலைகள் நடக்கும் இடத்தில் சில குடும்பங்கள் இடம் மாறும், வெளி மாநிலத்திலிருந்து சில குடும்பங்கள் வந்து தங்கும். அவர்கள் பிள்ளைகளும் 6 முதல் 14 வயதுக்குள் இருந்தால் நம் பள்ளியில் சேரும் உரிமை உடையவர்களே. சென்ற ஆண்டு எண்ணிக்கையை அப்படியே எழுதினால் இந்த மாற்றம் எதுவும் கணக்கில் வராது.

பணம் எங்கிருந்து வரும்

திட்டத்தில் ஒவ்வொரு தேவைக்கும் எதிரே, அதற்குப் பணம் தரக்கூடியவர் யார் என்றும் எழுதிக்கொள்வது நல்லது. எல்லாவற்றையும் ஒரே பட்டியலாகக் கொடுத்தால் யார் மேசையிலும் அது நகராது.

சிறு செலவுகளுக்கு ஆண்டுதோறும் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் இருக்கிறது. திட்ட வழிகாட்டியின்படி 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ரூ.10,000, 100 வரை ரூ.25,000, 250 வரை ரூ.50,000, 1,000 வரை ரூ.75,000, அதற்கு மேல் ரூ.1 லட்சம். இதில் குறைந்தது 10 விழுக்காட்டைத் தூய்மைப் பணிக்குச் செலவிட வேண்டும். நாம் மேலே சொன்ன 84 பிள்ளைகள் பள்ளிக்கு ரூ.25,000 என்றால், அதில் ரூ.2,500 தூய்மைக்கு. பழுதான மின்விசிறி, குழாய், பூட்டு, சுண்ணாம்பு, கற்பித்தல் பொருள் போன்றவை இந்தத் தொகைக்குள் அடங்கும். இதைக் கொண்டு வகுப்பறை கட்ட முடியாது.

ஊராட்சி ஒன்றியப் பள்ளிகளின் கட்டடப் பழுது, குடிநீர், சுற்றுச்சுவர் போன்றவற்றுக்கு ஊராட்சியையும் ஊராட்சி ஒன்றியத்தையும் அணுக வேண்டும். நிதிக்குழு மானியம் அங்கே வருகிறது. புதிய வகுப்பறைகளுக்கு மாநில அரசின் பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் உண்டு. சட்டமன்ற உறுப்பினர், நாடாளுமன்ற உறுப்பினர் ஆகியோரின் தொகுதி மேம்பாட்டு நிதியிலிருந்தும் கேட்கலாம். நன்கொடையாளர்களும் முன்னாள் மாணவர்களும் உதவ 2022 டிசம்பரில் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' என்ற ஏற்பாட்டை மாநில அரசு தொடங்கியது. அதன் வழியாகக் கொடுக்கும் உதவி பள்ளியின் பெயரில் கணக்கில் வரும்.

ஒரே வாசலை நம்பியிருப்பதில் உள்ள இடரையும் அண்மையில் பார்த்தோம். 2024-25-ல் தன் பங்கான சுமார் ரூ.2,152 கோடியை ஒன்றிய அரசு விடுவிக்காமல் நிறுத்தியது. தமிழ்நாடு அரசு 2025-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போக நேர்ந்தது. மேலே இருக்கும் தகராறு எதுவானாலும், கீழே ஒரு பள்ளியின் திட்டத்தில் நான்கு வாசல்கள் குறிக்கப்பட்டிருந்தால் ஒன்று மூடினாலும் இன்னொன்றைத் தட்டலாம்.

கட்டடத்தை முதலில் பாருங்கள்

2021 டிசம்பர் 17-ல் திருநெல்வேலியில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து 3 மாணவர்கள் உயிரிழந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுவதும் பள்ளிக் கட்டடங்களின் உறுதியைச் சோதித்து, ஆபத்தானவற்றை இடிக்க உத்தரவு வந்தது. விரிசல் விட்ட சுவரைப் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள். வீட்டில் வந்து சொல்வதும் உண்டு. அதைக் கேட்டு எழுதி, பொறியாளர் வந்து பார்க்கும்வரை அந்தப் பக்கம் பிள்ளைகள் போகாமல் தடுப்பது குழுவின் முதல் கடமை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையையும் மறந்திருக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை பதிவானது. தாமிரபரணி கரை புரண்டு ஓடியது. பல வீடுகளில் புத்தகப் பையும் சான்றிதழ்களும் தண்ணீரோடு போயின. எனவே நம் கடற்கரை ஊர்களின் திட்டத்தில் சில வரிகள் கட்டாயம் இருக்க வேண்டும். கூரையில் நீர் தேங்குகிறதா? மைதானத்து நீர் எந்தப் பக்கம் வடிகிறது? மின் பெட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? பள்ளிப் பதிவேடுகள் தரையை ஒட்டிய அலமாரியில் இருக்கின்றனவா? உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்துக் காரை பெயர்கிறதா? இந்தச் சோதனையை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் முடித்துவிட வேண்டும்.

எப்படி எழுதுவது

"கழிப்பறை வசதி தேவை" என்று எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. "மாணவிகள் 46 பேர். இருக்கும் கழிப்பறைகள் 2. அவற்றில் ஒன்றுக்குக் கதவு இல்லை, மற்றொன்றில் தண்ணீர் வருவதில்லை. புதிதாக ஒன்றும், இரண்டுக்கும் தண்ணீர் இணைப்பும் வேண்டும்" என்று எழுதுங்கள். எண்ணிக்கை, இப்போதைய நிலை, கேட்பது என்ன ஆகிய மூன்றும் இருந்தால் அந்த வரியை யாரும் தள்ளிவைப்பது எளிதல்ல. செல்போனில் படம் எடுத்து, தேதியோடு சேர்த்து வையுங்கள். வயதுக்கு வந்த மகளைக் கழிப்பறைக்குப் பயந்து வீட்டில் நிறுத்தும் உம்மாமார்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த ஒரு வரி ஒரு பெண்ணின் படிப்பைத் தீர்மானிக்கும்.

எல்லாவற்றையும் கேட்டு 40 வரி எழுதுவதைவிட, முதலில் செய்ய வேண்டிய ஐந்தை வரிசைப்படுத்துவது பலன் தரும். உயிருக்கு ஆபத்தானது முதலில். பிள்ளைகளைப் பள்ளியை விட்டு நிறுத்தக்கூடியது அடுத்து. படிப்பைத் தடுப்பது மூன்றாவது. அழகுக்கானது கடைசியில்.

கட்டடத்தோடு நிறுத்திவிடவும் கூடாது. மூன்றாம் வகுப்பில் எத்தனை பிள்ளைகள் தடுமாறாமல் தமிழ் வாசிக்கிறார்கள், எத்தனை பேருக்குக் கடன் வாங்கிக் கழிக்கத் தெரிகிறது என்று ஆசிரியரிடம் கேட்டு எழுதலாம். 5-ம் வகுப்பு முடித்தவர்களில் எத்தனை பேர் 6-ல் சேர்ந்தார்கள், 8 முடித்த பெண் பிள்ளைகள் எங்கே போனார்கள் என்ற கணக்கும் திட்டத்தில் இருக்க வேண்டும். இதை ஆசிரியர்மேல் குற்றம் சொல்வதற்காகக் கேட்கக் கூடாது. இரண்டு வகுப்பை ஒருவர் பார்க்கும் பள்ளியில் அவருடைய கஷ்டத்தை மேலே சொல்லவும் இந்தத் தாளே வழி.

ஆண்டுக் கணக்கு

ஜூன், ஜூலையில் வீடு வீடாகப் பிள்ளைகள் கணக்கு. ஆகஸ்ட் 1-க்குள் சேர்க்கை. ஆகஸ்ட் 15 கிராம சபையில் ஊராட்சி செய்ய வேண்டிய பணிகளைத் தீர்மானமாகக் கொண்டுவருவது. செப்டம்பரில் கட்டடச் சோதனை. அக்டோபர் 2 கிராம சபையில் முந்தைய தீர்மானம் என்ன ஆயிற்று என்று கேட்பது. நவம்பரில் குழு உட்கார்ந்து வரைவு எழுதுவது. டிசம்பர் இறுதிக்குள் திட்டத்தை முடிப்பது. குழு அமைந்த நிதியாண்டு முடிவதற்குக் குறைந்தது 3 மாதத்துக்கு முன் திட்டம் தயாராக வேண்டும் என்று மாதிரி விதிகளும் சொல்கின்றன. ஜனவரி 26 கிராம சபையில் அதைப் படித்துக் காட்டுவது. மார்ச்சுக்குள் தலைவரும் தலைமை ஆசிரியரும் கையெழுத்திட்டு ஒப்படைத்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கி வைப்பது.

இந்த நகலை விட்டுவிடாதீர்கள். அடுத்த ஆண்டு, "போன வருஷம் இதைக் கேட்டோம், என்ன ஆயிற்று?" என்று கேட்க அதுவே ஆதாரம்.

நாம் செய்யக்கூடியவை

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டங்களைப் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை பிற்பகலில் வைக்கிறார்கள். ஜும்ஆ முடிந்து சாப்பிட்டுவிட்டுப் போக நேரம் இருக்கிறது. கூட்டம் இருக்கும் வாரத்தில் ஜும்ஆவுக்குப் பின் பள்ளிவாசலில் ஒரு அறிவிப்புச் செய்ய ஜமாஅத் நிர்வாகிகள் முன்வந்தால் வருகை கூடும். அரசுப் பள்ளி எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் உரியது. கோயில் வரிதாரர்களிடமும் மீனவர் ஊர்க்கமிட்டியிடமும் இதே வேண்டுகோளை வைத்துச் சேர்ந்து உட்கார்ந்தால்தான் திட்டம் முழுமையாகும்.

வாப்பா வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் உம்மாதான் குழுவில் உறுப்பினர். "எனக்கு எழுதத் தெரியாது, பேசத் தெரியாது" என்று அவர்கள் ஒதுங்க வேண்டியதில்லை. எத்தனை குழாயில் தண்ணீர் வருகிறது என்று எண்ணத் தெரிந்தால் போதும். கல்லூரிக்குப் போகும் பிள்ளைகள் இரண்டு பேர் பக்கத்தில் இருந்து எழுதிக் கொடுக்கலாம். முன்னாள் மாணவர்களுக்கு இடம் தந்திருப்பதும் இதற்குத்தான்.

கையெழுத்துப் போடும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். இந்தத் திட்டத்தைக் கூட்டத்தில் படித்தீர்களா? இதில் இருக்கும் பிள்ளைகள் எண்ணிக்கை இந்த ஆண்டுக் கணக்கா? சென்ற ஆண்டுக் கேட்டதில் எது நடந்தது, எது நடக்கவில்லை? மூன்றுக்கும் பதில் கிடைத்த பிறகு கையெழுத்திடுங்கள். கிடைக்கவில்லை என்றால், கோபப்படாமல், அடுத்த வெள்ளிக்கிழமை வரை அவகாசம் கேளுங்கள். சட்டம் அந்த உரிமையை உங்களுக்குத் தந்திருக்கிறது. கேட்பதைத் தலைமை ஆசிரியர்களும் வரவேற்பார்கள். ஊர் பின்னால் நிற்கிறது என்று தெரிந்தால் அவர்களுக்கும் மேலே பேசுவது எளிது.